மூன்று ஏக்கர்க்காரர் எதற்கு ஆந்தையைக் காப்பாற்ற வேண்டும்?

9 மார்ச் 2025 – மலேசியாவில் பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப் வாசகர் ஒருவர் எழுதியது

என்னிடம் மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. எலி குலையைக் கடித்துத் தீர்க்கிறது. கடையில் கொடுத்த எலி மருந்து மெழுகுக் கட்டியைப் போட்டேன், எலி குறைந்தது. உடனே ஒருவர் வந்து, ஆந்தை செத்துவிடும், அதைப் போடாதே என்கிறார். வௌவாலைச் சுடாதே, சதுப்புக் காட்டை வெட்டாதே, மலையில் டுரியான் நடாதே. எல்லாம் சரி, விளைச்சல் குறைந்தால் யார் கொடுப்பது? மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. விளைச்சலா, உயிரினமா, ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

9 மார்ச், இரவு

தம்பி, யார் கொடுப்பது என்று நீங்கள் கேட்டது நியாயம். அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் எல்லாரும் நழுவுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதுவும் செம்பனை வைத்திருக்கும் ஒருவர் சொல்லும்போது. நம் செம்பனை காய்ப்பதே ஒரு பூச்சியின் தயவில்தான்.

நான் செபெராங் பிறை தெற்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே வட்டாரத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்க்கிறவனாக, இருந்தவன். இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு 1970களில் பூவுக்குத் தூள் அடிக்கும் வேலை. ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, அமுக்கினால் ஊதும் குப்பியில் போட்டுக் கொடுப்பார்கள். மரம் மரமாகப் போய், மட்டை முள்ளை விலக்கி, பெண் பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்து ஊத வேண்டும். விரிந்த பூ இரண்டு மூன்று நாளுக்குள் கெட்டுப்போகும், அதனால் போன நிரைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். முன்னங்கை முழுக்க முள் கீறல். முடியில் படிந்த தூள் குளித்தாலும் லேசில் போகாது.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து ஜொகூர் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். எலைடோபியஸ் கேமரூனிக்கஸ் என்று பெயர், நீளம் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். அது நாடு முழுக்கப் பரவியது, தூள் அடிக்கும் வேலை நின்றது. அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போனார். அன்றிலிருந்து நீங்களும் நானும் விற்கும் ஒவ்வொரு குலையிலும் அந்த வண்டின் உழைப்பு இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

10 மார்ச்

நம்பிக்கை இல்லை என்றால் நாளைக் காலை தோட்டத்தில் விரிந்திருக்கும் ஓர் ஆண் பூவின் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பாருங்கள், சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் வண்டு வருகிறது. பெண் பூவும் கொஞ்ச நேரம் அதே வாசனையை விட்டு வண்டை ஏமாற்றி வரவழைக்கும். வண்டு மேலில் ஒட்டிய மகரந்தத்தோடு உள்ளே புகுந்து, ஒன்றும் கிடைக்காமல் வெளியே வரும். அதற்குள் நம் வேலை முடிந்துவிடும்.

12 மார்ச்

கிள்ளானிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: வெளிநாட்டு வண்டைக் கொண்டுவந்து விட்டதை எப்படிப் பல்லுயிர் பாதுகாப்பு என்று சொல்கிறீர்கள், இது தொழிற்சாலைக்கு எந்திரம் இறக்குமதி செய்த மாதிரிதானே?

பாதி சரி. வேறு பயிரைத் தின்னுமா என்று சில வருடம் சோதித்த பிறகுதான் விட்டார்கள், கண்மூடித்தனமாக விடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாட்டின் பெரிய பயிர் முழுவதும் ஒரே ஒரு பூச்சியை நம்பி நிற்கிறது. சில இடங்களில் காய்ப்பிடிப்பு சரியில்லை என்ற புகார் வரும்போதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் அந்த வண்டைத்தான் தேடுகிறார்கள். பல வகை இருக்கிற இடத்தில் ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும். இங்கே தாங்க ஆள் இல்லை. உயிரினம் பலவாக இருப்பதன் மதிப்பு அதுதான் என்று நான் நினைக்கிறேன். வண்ணத்துப்பூச்சி அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நான் இதைப் பேசவில்லை.

இன்னொன்று. வண்டு முட்டையிடுவது வாடிய ஆண் பூவில். அந்தப் புழுவைத் தின்ன எலி ஆண் பூவைக் கிழித்துப் போடும். கிழிந்து கிடக்கும் ஆண் பூவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எலி குலையை மட்டும்தான் தின்கிறது என்று நினைத்திருப்பீர்கள். ஆக எலி உங்களுக்கு இரண்டு வழியில் நட்டம் வைக்கிறது. அதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எப்படி என்பதில்தான் பேச்சு.

15 மார்ச்

சரி, மெழுகுக் கட்டிக்கு வருவோம்.

நீங்கள் போட்டது புரோடிஃபாகம் வகை மருந்தாக இருந்தால், அதைத் தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாலு நாள், சில சமயம் ஒரு வாரம்கூடத் தள்ளாடித் திரியும். எலி தின்னும் ஆந்தையான கூகைக்கு அதைப் பிடிப்பது சுலபம். மருந்து எலியின் ஈரலில் தங்கி, தின்ற கூகையின் ஈரலுக்குப் போய்ச் சேரும். ஒன்றிரண்டு எலியில் ஒன்றும் ஆகாது, தினம் தின்றால் பறவை உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். பழைய வார்ஃபரின் வகையில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் எலி அதைப் பல முறை தின்ன வேண்டும், நாமும் பல முறை போட வேண்டும். ஆள் கூலி கூடுகிறது. கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

பெரிய தோட்டங்களில் கூகைப் பெட்டி வைப்பது 1980களிலிருந்தே நடக்கிறது. 5 ஹெக்டேர் முதல் 10 ஹெக்டேர் வரைக்கு ஒரு பெட்டி என்று கணக்கு. 10 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 25 ஏக்கர். இப்போது உங்கள் மூன்று ஏக்கரைப் பாருங்கள். நீங்கள் ஒருவர் மருந்தை நிறுத்தி, சொந்தச் செலவில் பெட்டியும் வைக்கிறீர்கள். கூகை வருகிறது, குஞ்சு பொரிக்கிறது, இரவில் பக்கத்துத் தோட்டத்தில் வேட்டையாடுகிறது. அங்கே புரோடிஃபாகம். பறவை சாகிறது, எலி திரும்ப வருகிறது, நட்டம் முழுவதும் உங்களுக்கு. ஒருவர் தன் வேலிக்குள் மட்டும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தால் தோற்பது நிச்சயம். அந்த அளவில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

அதே இடத்தில் எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று ஏக்கர், ஒரே சமயத்தில் மருந்தை மாற்றினால் கணக்கே வேறு.

15 மார்ச், கொஞ்சம் கழித்து

வீட்டுப் பக்கம் ஆந்தை அலறினால் சாவு வரும் என்று என் பாட்டியும்தான் சொன்னார். தோட்டத்தில் முதல் பெட்டியை லயத்துக்குப் பக்கத்தில் நட்டபோது வேலையாட்களின் மேஸ்திரியான தண்டலே வந்து, அங்கே வேண்டாம் கிராணி, பெண்டுபிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார். தள்ளி நட்டோம். இரண்டு பருவம் போன பிறகு, அந்தப் பெட்டிக்குக் கீழே கிடந்த எலி மண்டையோடுகளைக் குலை வெட்டும் பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் பெட்டியில் யாரும் கல் எறிந்தால் சண்டைக்குப் போனவர்களும் அவர்கள்தான்.

16 மார்ச்

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூகைப் பெட்டி வைத்துவிட்டோம், இயற்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தோட்ட வாசலில் பலகை மாட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. செம்பனை பரவுவதற்கு முன் தீபகற்பத்தில் கூகை அரிதான பறவை. காட்டை வெட்டிச் செம்பனை நட்டோம், எலி பெருகியது, எலிக்காகக் கூகை பரவியது. அது தோட்டத்துக்கு நல்ல துணை. காட்டை இழந்ததற்கு அது ஈடாகாது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடும்போதுதான் உங்களைப் போன்றவர்களுக்குக் கோபம் வருகிறது, வரவேண்டியதுதான்.

23 மார்ச்

வௌவாலைச் சுடாதே என்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் எனக்குத் தெரிந்த ஒரு தவுக்கே (சீன முதலாளி) டுரியான் தோட்டம் வைத்திருக்கிறார். பூக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அங்கே இருந்தேன். டுரியான் பூ கிளையிலேயே கொத்தாகத் தொங்கும். பிற்பகலிலேயே மொட்டு வெடிக்கத் தொடங்கி, இருட்டும் நேரத்தில் முழுதாக விரியும். மரத்தடியில் நின்றால் புளித்த பால் வாடை. தேன் சொட்டும் என்று சொன்னால் மிகையில்லை, கிளையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். அப்புறம் வௌவால் வந்தது. பூவின் மேல் ஒரு கணம் தொங்கி, மூஞ்சியை உள்ளே விட்டு, போய்விட்டது. அடுத்தது வந்தது. இப்படியே.

மறுநாள் காலையில் மரத்தடி முழுக்க இதழும் மகரந்தக் காம்பும் பாய் விரித்த மாதிரி கிடந்தன. தவுக்கே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: பார், எல்லாப் பூவையும் வௌவால் பறித்துப் போட்டுவிட்டது, இதனால்தான் வலை கட்டுகிறேன். நான் கிளையைப் பார்க்கச் சொன்னேன். இதழ் போன இடத்தில் சூலகம் அப்படியே நின்றது. டுரியான் பூ ஓர் இரவுக்குத்தான். நள்ளிரவு தாண்டியதும் இதழும் காம்பும் தானாகவே உதிர்ந்துவிடும், வௌவால் வந்தாலும் வராவிட்டாலும். தியோமான் தீவில் மரத்தில் கேமரா கட்டிப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பழந்தின்னி வௌவால் அவ்வளவு பெரிய உடம்போடு வந்தும் பூவைக் கெடுக்காமல் தேனை மட்டும் குடித்துவிட்டுப் போவதும், அந்தப் பூ காயாவதும் அதில் பதிவாகியிருக்கிறது.

தவுக்கே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்படியானால் பழம் பழுக்கும்போது குரங்கு வருகிறதே, அதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குரங்கு தின்பது தின்பதுதான், நட்டம் நட்டம்தான்.

24 மார்ச்

வௌவால் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் விஷயம் இன்னும் பெரிதாகிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். பத்துமலையில் முருகன் குகைக்குப் பக்கத்திலேயே இருட்டுக் குகை இருக்கிறது. தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் படி ஏறுகிறார்கள். 1970களில் அங்கே வௌவால் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த மகரந்தம் எந்தெந்த மரத்துடையது என்று பார்த்தார்கள். டுரியான் இருந்தது, விதையைத் தின்னும் பெத்தாய் மரம் இருந்தது. அதோடு கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங், பெரெப்பாட் மரங்களின் மகரந்தமும் இருந்தது. குகையிலிருந்து அந்தக் கரைக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல்.

டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரம். மற்ற மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது சதுப்பு மரங்கள். கரையில் அந்த மரத்தை வெட்டுகிறவர் உலு லங்காட்டில் டுரியான் வைத்திருப்பவரைப் பார்த்ததே இல்லை. குகை மலையில் சுண்ணாம்புக்கல் உடைத்தவர்கள் இரண்டு பேரையும் பார்த்ததில்லை. மூன்று வேலி, ஒரே வௌவால்.

2 ஏப்ரல்

ஒருவர் கேட்டிருக்கிறார்: தாய்லாந்தில் டுரியானுக்கு ஆள் வைத்து இரவில் தூரிகையால் மகரந்தம் போடுகிறார்களே, நாமும் செய்தால் போகிறது.

செய்யலாம். காய் நன்றாகவே பிடிக்கும். உயரமான நாட்டு மரத்தில் இருட்டில் ஏணி போட்டு ஏற ஆளும் கூலியும் வேண்டும். என் அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவருவதில் ஆசை இல்லை.

19 ஏப்ரல்

நேற்று குடும்பத்தோடு தைப்பிங் போனோம், அப்படியே கோலா செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில், 1885இல், தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. நான் போனது கரி அடுப்புக்கும் சதுப்புக் காட்டுக்கும்.

உங்கள் கேள்விக்கு இந்த நாட்டில் நான் காட்டக்கூடிய ஒரே பெரிய பதில் மாத்தாங் சதுப்புக் காடுதான். சுமார் 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காப்புக்காடு. காப்புக்காடு என்றால் கை வைக்காத காடு என்று நினைக்க வேண்டாம், நூறு வருடத்துக்கும் மேலாக வெட்டி விற்றுக்கொண்டே இருக்கிறார்கள், காடும் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு பகுதியை வெட்டினால் அடுத்து வெட்டுவது 30 வருடம் கழித்து. இடையில் இரண்டு முறை மரத்தின் நெருக்கத்தைக் குறைப்பார்கள். 15ஆம் வருடம் தொழிலாளி 1.2 மீட்டர் நீளக் குச்சியோடு உள்ளே போவார். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிக் குச்சி எட்டும் தூரத்துக்குள் இருப்பதை வெட்டுவார். 20ஆம் வருடம் அதே வேலை, குச்சி 1.8 மீட்டர். வெட்டிய கம்பு கட்டடத்துக்கும் மீன் பிடிக்கும் கட்டுக்கும் போகும். 30ஆம் வருடம் மீதி மரம் கரி அடுப்புக்கு. வெட்டிய இடத்தில் தானாக முளைக்காவிட்டால் நாற்று நட வேண்டும்.

படிப்பே தேவையில்லாத அளவீடு அது. சேற்றில் முட்டி வரை புதைந்து நிற்கிறவர் கையில் டேப் பிடித்து அளக்க முடியாது, குச்சி இருந்தால் போதும்.

கரி அடுப்பு செங்கல்லால் குவிந்த கூரையோடு கட்டியது. பாக்காவ் என்ற சதுப்பு மரக் கட்டையின் பட்டையை உரித்து, நிற்க வைத்து அடுக்கி, வாயை அடைத்து வேக விடுகிறார்கள். உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் துளையில் வரும் புகையை வைத்தே சொல்லிவிடுகிறார் அங்கிருந்த முதியவர். புகையின் ஈரத்தையும் வாடையையும் பார்த்து, இன்னும் இத்தனை நாள் என்கிறார். கரையில் படகுகள் நின்றன, கெராங் என்ற சேற்றுச் சிப்பி மூட்டைகள் இறங்கின. காட்டு ஓரத்துச் சேற்றில்தான் கெராங் வளர்க்கிறார்கள். அதே வேருக்கு நடுவில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. மரம், கரி, கெராங், இறால், மீன் எல்லாம் ஒரே காட்டில்.

20 ஏப்ரல்

மாத்தாங்கைப் பற்றி நேற்று எழுதிவிட்டு இரவு தூங்க நேரமானது. முழுசாகப் புகழ்ந்துவிட்டு விட்டால் அது நேர்மையாகாது.

அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரே மரம், பாக்காவ் மிஞ்ஞாக். கரிக்கு அதுதான் நல்லது, அதனால் அதையே வளர்க்கிறார்கள். வயதான மரத்தில் பொந்து வேண்டும் பறவைக்கு 30 வருட மரம் உதவாது. வடக்கே கோலா கூலாவில் பால்நிற நாரை ஒரு காலத்தில் நன்றாக இருந்தது, இப்போது கூண்டில் வளர்த்துத் திரும்ப விட்டுப் பார்க்க வேண்டிய நிலை. ஆகவே மாத்தாங்கில் உற்பத்தி நிலைத்தது, காடு காடாக நிலைத்தது, மீன் நிலைத்தது. எல்லா உயிரும் நிலைத்தது என்று சொல்ல முடியாது. அதற்கு வெட்டாத பகுதியும் வேண்டும்.

அப்படியிருந்தும் நான் மாத்தாங்கைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற கரைகளில் சதுப்புக் காடு இறால் குளமாகவும் வீட்டுமனையாகவும் போனபோது இது போகவில்லை. 40,000 ஹெக்டேருக்கும் ஒரே திட்டம், பத்து வருடத்துக்கு ஒரு முறை அதைத் திருத்துகிறார்கள். இன்றைக்கு நட்டதை 30 வருடம் கழித்து வெட்டுவோம் என்ற உறுதி ஒப்பந்தக்காரருக்கு இருக்கிறது. வேலி முழுக் காட்டையும் சுற்றி இருக்கிறது, துண்டு துண்டாக இல்லை. கூகைக்கு எட்டுப் பேர் சேர வேண்டும் என்று நான் சொன்னதும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் வேறு.

4 மே

கடல்.

கடலில் வேலியே கிடையாது என்பார்கள். இருக்கிறது, கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் கரையிலிருந்து 5 கடல் மைல் வரை சிறு மீனவர்களுக்கு, இழுவலைப் படகு அதற்கு வெளியே என்று வகுத்தார்கள். சும்மா வகுக்கவில்லை. 1960களில் இழுவலை வந்த பிறகு பினாங்கு, பேராக் கரையில் சிறு மீனவருக்கும் இழுவலைக்காரருக்கும் நடந்த சண்டையில் படகு எரிந்தது, ஆள் செத்தது. அதற்கப்புறம் வந்த கோடு அது.

புக்கிட் தம்புன் பக்கம் நான் மீன் வாங்கும் பெரியவர் ஒருவர், மலாய்க்காரர், என்னை விட மூத்தவர். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இழுவலை உள்ளே வருகிறது என்கிறார். அது வந்து போன மறுநாள் அவர் வலையில் சேறும் உடைந்த சிப்பியும்தான் வரும். இழுவலையில் வரும் பொடி மீன் மூட்டை கட்டி மீன் மாவு அரைக்கப் போகிறது. அந்தப் பொடியில் பாதி, வளர விட்டால் அடுத்த வருடம் அவர் விற்கக்கூடிய மீன். இங்கே இயற்கையைக் காப்பாற்று என்று யாருக்குச் சொல்வது? அவருக்கா? அவர் வலையின் கண் எனக்கு விரல் நுழையும் அளவு பெரிது.

பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம், பிஃப்வா என்பார்கள், 1990களிலிருந்து சதுப்பு மரம் நட்டு வருகிறது. எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராமல், எந்தச் சான்றிதழும் கேட்காமல், மீன் குறைகிறது, காரணம் மரம் போனது என்று தாங்களே கண்டு நட்டவர்கள். அந்தக் கரையைச் சேர்ந்தவர்கள்தான் பினாங்குத் தீவின் தெற்கே கடலை மண் கொட்டி மேடாக்கும் திட்டத்தை எதிர்த்தும் நின்றார்கள். முதலில் மூன்று செயற்கைத் தீவு, 4,500 ஏக்கர். 2023இல் ஒரு தீவு, 2,300 ஏக்கர் என்று குறைந்தது. குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மீதியிலும் இறால் பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை. அந்த 2,300 ஏக்கரில் வேலை கிடைப்பது யாருக்கு, இறால் போவது யாருக்கு என்று ஒரே தாளில் யாரும் எழுதிக் காட்டவில்லை. பழசும் உண்டு: பிறை தொழிற்பேட்டைக் கழிவால் 1970களில் கோலா ஜூரு மீனவர்கள் பட்டதை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

11 மே

புலியைப் பற்றி ஏன் பேசவில்லை, வண்டும் எலியும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் கடிந்துகொண்டார்.

ஏனென்றால் புலியோடு தோட்டத்தைப் பங்கிட முடியாது. 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கெடுப்பில் தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே இருக்கின்றன என்று தெரிந்தது. புலிக்கு வேண்டியது தொடர்ச்சியான பெரிய காடு, அதன் எல்லை நகராமல் இருப்பது. இருக்கிற நிலத்தில் விளைச்சலைக் கூட்டினால் காடு தப்பும் என்பதை நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினேன். இப்போது அரைகுறையாகத்தான் நம்புகிறேன். மூசாங் கிங் டுரியான் விலை ஏறியதும் பகாங் ரவூப் பக்கம் மலை ஏறி நட்டார்களே. ஒரு ஏக்கரில் கூடுதல் லாபம் என்றால் அடுத்த ஏக்கருக்கும் ஆசை வரும். எல்லையைக் காக்கிறவர் எல்லையில் நின்றால் மட்டும்தான் அந்தக் கணக்கு வேலை செய்யும். சிறு தோட்டக்காரர் தன் மூன்று ஏக்கரில் என்ன செய்தாலும் இதை மாற்ற முடியாது, மாற்றச் சொல்வதும் அநியாயம்.

25 மே

நிபோங் திபாலில் கெரியான் ஆற்றில் மின்மினி பார்க்கப் படகு விடுகிறார்கள். பேத்தியை அழைத்துப் போனேன். மின்மினி பூச்சியாக மினுக்குவது பெரெம்பாங் மரத்தில், புழுவாக வளர்வது பின்னாலுள்ள ஈரக் கரையில், நத்தையைத் தின்று. கரையை வெட்டி வரப்பு போட்டு மருந்து அடித்தால் மரம் நிற்கும், மின்மினி இருக்காது. படகுக்காரருக்கு அது தெரியும். கரையில் செம்பனை வைத்திருப்பவருக்கு அதில் ஒரு சென் கூடக் கிடையாது. டிக்கெட்டில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தால் என்ன என்று படகுக்காரரிடம் கேட்டேன். யோசிக்கிற விஷயம்தான் என்றார்.

14 ஜூன்

சுங்கை பாக்காப் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஐந்து பேரிடம் பேசினாராம், மூன்று பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் நீ முதலில் செய், பிறகு பார்க்கலாம் என்றார்கள். எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

யார் கொடுப்பது என்பதற்கு முதலில் பதில். எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்று 2020இலிருந்து எல்லாருக்கும் கட்டாயம். அதற்காக எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) சிறு தோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து வைத்திருக்கிறது. நீங்களும் ஏதோ ஒரு குழுவில் இருப்பீர்கள். பெட்டிச் செலவையும், மருந்து மாற்றும் முதல் வருடத்தில் கூடும் கூலியையும் அந்தக் குழுவிலே வைத்துக் கேளுங்கள். உங்கள் பழத்தில் சான்று போட்டு விற்கிற ஆலைக்கும் அதில் பங்கு உண்டு என்று பயப்படாமல் சொல்லுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் சிரித்து அனுப்புவார்கள், குழுவாகக் கேட்டால் எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

வேலை இப்படி. நாளையே மருந்தை நிறுத்திவிட்டுக் கூகைக்காகக் காத்திருக்காதீர்கள், எலி தின்று தீர்த்துவிடும். முதலில் எண்ணுங்கள்: வரிசையாக 100 மரம் பாருங்கள், எத்தனை மரத்தில் குலையில் புதுக் கடி இருக்கிறது என்று குறியுங்கள். காய்ந்து கறுத்த கடியைச் சேர்க்காதீர்கள், ஈரமாக ஆரஞ்சு நிறத்தில் இருப்பது மட்டும் கணக்கு. ஐந்துக்கு மேல் இருந்தால் வார்ஃபரின் வகைக் கட்டி, மரத்துக்கு ஒன்று, தின்ற இடத்தில் திரும்ப வைத்து, ஐந்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். புரோடிஃபாகம் வாங்குவதை நான்கு பேரும் ஒரே மாதத்தில் நிறுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டகையில் வைக்காதீர்கள், யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள். பெட்டியை நான்கு தோட்டமும் சேரும் மூலையில், வண்டி போகாத பக்கம் நடுங்கள். கம்பத்தில் தகரம் சுற்றுங்கள், பாம்பு ஏறாது. மாதம் ஒரு முறை அதே 100 மரத்தை எண்ணி, அந்த இரண்டு பேரிடமும் தாளைக் காட்டுங்கள்.

ஜூலைக் கணக்கை இங்கே போடுங்கள் தம்பி. குறையாவிட்டாலும் போடுங்கள்.